பதினெட்டில் ஒரு சிவப்புக் கோடு

நவம்பர் 3, திங்கள்

பல் தேய்க்கும் முன்பே ஹாலுக்குப் போய்ச் சுவரில் இருக்கும், வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் ஹீட்டிங் டயலைப் பார்த்தேன். பத்தொன்பதரை டிகிரி! யாரோ திருப்பியிருக்கிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதில் ஒருவன் நான். துப்பறிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

"நீதானே?"

"பேயா இருக்கும்," என்றாள் என் மனைவி பாலின். வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு டோஸ்ட் தின்றுகொண்டிருந்தாள். "பேய்க்கும் குளிரும்ல, ட்ரெவர்?"

டயலைச் சிவப்புக் கோட்டுக்கே திருப்பி வைத்தேன். பதினெட்டு. எங்கள் மகள் ஹேலிக்கு ஐந்து வயதானபோது பேனாவால் நானே போட்ட கோடு. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள். கோடு அசையவில்லை.

நவம்பர் 5, புதன்

லீட்ஸிலிருந்து ஹேலி பேசினாள். நவம்பர் ஐந்து வழக்கப்படி ஊரெல்லாம் வாணவேடிக்கைச் சத்தம், ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். மற்றதையும் பொத்தியிருக்கலாம்.

"கோவிச்சுக்காதேப்பா. கிறிஸ்துமஸுக்கு வரலை. அந்த ஃப்ரிட்ஜுக்குள்ள பச்சப் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன்."

"பதினெட்டும்மா. ஃப்ரிட்ஜா அது?"

"பதினெட்டா? சின்ன வயசுல என் ரூம்ல மூச்சு விட்டா புகை வரும்."

"அதுக்குத்தான் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா..."

போனை வைத்துவிட்டாள்.

பேத்தி மார்த்தாவுக்கு ஏழு வாரம். நான் அவளைத் தூக்கியது ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில், பத்து நிமிஷம். அதிலும் பாதி நேரம் 'தலையைப் பிடி, தலையைப் பிடி' என்று எல்லோரும் கத்தினார்கள்.

நவம்பர் 6, வியாழன்

பாலின் என்னோடு பேசுவதில்லை. தேநீர்க் கெட்டிலோடு பேசுகிறாள், எனக்குக் கேட்கிற மாதிரி.

நவம்பர் 11, செவ்வாய்

தீர்ப்பு வந்துவிட்டது. டயல் போகிறது, ஒயரே இல்லாத புது தெர்மோஸ்டாட் வருகிறது. பாய்லர் வேலைக்கு வரும் டோனாவிடம் பாலின் சொல்லிவிட்டாளாம். மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

"ரொம்ப எளிசு. இண்டர்நெட் வேணாம், ஒண்ணும் வேணாம். பெரிய நம்பர், ரெண்டு பொத்தான். உனக்கே புரியும்," என்றாள் பாலின், கெட்டிலைப் பார்த்து.

அந்த 'உனக்கே'யில்தான் எத்தனை அன்பு!

நவம்பர் 18, செவ்வாய்

டோனா வந்தாள். பாய்லர் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டினாள். என் கையில் சோப்புக் கட்டி அளவுக்கு வெள்ளையாக ஒன்றைக் கொடுத்தாள். இது இருக்கும் இடத்துச் சூட்டைப் பார்த்து அந்தப் பெட்டிக்குச் சேதி சொல்லுமாம். பெட்டி பாய்லரை எரிய வைக்கும், நிறுத்தும்.

பழையதைக் கழற்றும் முன் தன் வெப்பமானியைச் சுவரோரம் பிடித்தவள் டயலை மெதுவாகத் திருப்பினாள். கோட்டருகே 'டிக்'.

"அண்ணே, கோடு பதினெட்டுன்னு சொல்லுது. இங்க நிஜத்துல பதினாலுதான். பதினாலுலயே 'போதும்'னு பாய்லரை நிறுத்திடுது."

"பழசாயிடுச்சு போல," என்றேன்.

"பழசெல்லாம் இல்ல. யாரோ குமிழைப் பிடுங்கி, திரும்ப மாட்டறப்ப ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டாங்க. பெயின்ட் அடிக்கிறப்ப பண்ணியிருப்பாங்க. கோட்டை அதுக்கப்புறம் போட்டிருக்காங்க. யாரு அந்தப் புத்திசாலி?"

"முன்னாடி குடியிருந்தவங்க," என்றேன்.

சமையலறையில் தேநீர் கலக்கும் சத்தம் நின்றது. கோடு போட்ட அந்த வருஷம் ஹாலுக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று பாலினுக்குத் தெரியும். ஏணியைப் பிடித்தவளே அவள்தான்.

நவம்பர் 19, புதன்

பதினாலு.

பஸ் ஓட்டும்போதெல்லாம் அந்த எண்தான். பதினாலாம் நம்பர் பஸ் எதிரே வந்தது, அதுவும் என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.

சின்ன வயதில் ஹேலி கம்பளித் தொப்பியோடு வீட்டுப்பாடம் எழுதுவாள். காலடியில் சுடுநீர்ப் பை. கை விறைக்குதுப்பா என்பாள். நான் என்ன சொன்னேன்? 'நடிக்காதே.' அதையே மதுக்கடையில் நகைச்சுவையாகவும் சொல்லியிருக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது நடிக்கலையே. ஒன்பது வயசுப் பிள்ளைக்கு எதுக்கு நடிப்பு? நான் எதுக்குடா ஒரு தடவைகூட அந்த ரூம்ல போய் உக்காந்து பாக்கல?

சரி. போதும்.

நவம்பர் 22, சனி

தெர்மோஸ்டாட்டை இருபதில் வைத்தேன். நேர்மையான இருபது. ஆனால் இருபது என்றால் இருபதுதான். பாலின் கையில் கிடைத்தால் இருபத்தைந்தாகிவிடும். அதனால் சோப்புக் கட்டியை என் கம்பளிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். டயலை இப்படிப் பையில் போட்டுக்கொள்ள முடிந்ததா? விஞ்ஞானம் விஞ்ஞானம்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

வீடு முன்பைவிடக் குளிர். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் கல் மாதிரி கிடக்கின்றன. பாலின் தொப்பியோடு சூப் குடிக்கிறாள். புதுசின் லட்சணம் இதுதான். சந்தோஷப்படக் கூடாது என்று முயன்றேன். முடியவில்லை.

நவம்பர் 27, வியாழன்

டோனா மறுபடி வந்தாள். பாய்லரைத் தட்டினாள், பெட்டியைப் பார்த்தாள். எல்லாம் சரி.

"தெர்மோஸ்டாட் எங்கண்ணே வச்சிருக்கீங்க?"

பையிலிருந்து எடுத்தேன். மூன்று பேரும் பார்த்தோம். இருபத்தொன்பது.

"அண்ணே," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது அஞ்சு நாளா உங்க தொப்பைக்குத்தான் வேலை பாத்திருக்கு. தொப்பை கதகதன்னு இருக்கு, நம்மளுக்கென்னன்னு பாய்லர் தூங்கிடுச்சு."

பாலின் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். "முன்னாடி குடியிருந்தவங்க தொப்பையா இருக்கும் டோனா!"

மூன்று வாரத்தில் அவள் சிரித்தது இன்றுதான். இந்தத் தொப்பையால் இவ்வளவாவது ஆயிற்றே.

நவம்பர் 30, ஞாயிறு

ஹேலிக்கு நானே போன் செய்தேன். மூன்று தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்த பிறகு.

"பதினெட்டு இல்லம்மா. பதினாலு. குமிழைத் தப்பா மாட்டினது நான்தான். நீ நடிக்கலை."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அழுகிறாளா, சிரிக்கிறாளா?

"கிறிஸ்துமஸுக்காகச் சொல்லலை," என்றேன். "வராட்டியும் பரவாயில்ல."

'முன்னாடி குடியிருந்தவங்க'ளுக்குப் பிறகு, இது இரண்டாவது பொய்.

"அம்மாகிட்ட குடு," என்றாள். பாலின் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் பேசினாள். வெளியே வந்து, தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். கெட்டிலை இல்லை, என்னை.

டிசம்பர் 13, சனி

பரணிலிருந்து தொட்டிலை இறக்கச் சொன்னாள் பாலின். இறக்கினேன். இரண்டு தடவை துடைத்தேன்.

டிசம்பர் 24, புதன்

வந்துவிட்டார்கள். வாசலில் நின்று ஹேலி மூக்கை நீட்டிக் காற்றைச் சோதித்தாள், பூனை மாதிரி. பிறகு கோட்டைக் கழற்றினாள். இந்த வீட்டில் குளிர்காலத்தில் அவள் கோட்டைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

சோப்புக் கட்டியை அவள் கையில் வைத்தேன். "இனிமே இது உன் பொறுப்பு."

"இருபத்தொண்ணு ஆக்கலாமா?"

'முடியாது' என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். "ஆக்கு."

"அம்மா! அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?"

டிசம்பர் 25, வியாழன்

தெர்மோஸ்டாட் மார்த்தாவின் அறையில், தொட்டிலுக்கு எதிர் அலமாரியில். இருபத்தொன்று. வான்கோழியும் வெந்தது, நானும் வெந்தேன். மடியில் மார்த்தா வெறும் கால்களை உதைத்தபடி தூங்குகிறாள். காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டாள், துணிச்சல்காரி. தலையை நான் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன்.

"வேகுதும்மா," என்றேன் ஹேலியிடம்.

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபத்தாறு வருஷமாக இதற்குத்தான் காத்திருந்திருப்பாள்.

"ஸ்வெட்டரைக் கழட்டுப்பா."

கழற்றினேன்.