முழங்காலில் வந்த தூக்கம்

ஆம்பூர்,
செவ்வாய் காலை

அன்புள்ள அப்பாவுக்கு, ஹெப்சிபாவின் ஸ்தோத்திரம். உங்க சளி குறைஞ்சுதா? அம்மா மாத்திரையை ஒழுங்கா போடுறாங்களா? நான் சுகம்.

போன்ல சொல்ல வாய் வரல, அதான் எழுதுறேன். போன ஞாயிறு ஆராதனை முடிஞ்சும் நான் முழங்கால்லயே ஜெபம் பண்ணேன்னு இங்க போதகர் ஐயா உங்ககிட்ட போன்ல பெருமையா சொன்னாராமே. நீங்களும் நம்ம கோயில்ல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களாம்.

அப்பா, அது ஜெபம் இல்ல. ஷூ கம்பெனியில வாரம் பூரா ஓவர்டைம். பாவ அறிக்கைக்கு முழங்கால் போட்டு, பெஞ்சுல தலை சாய்ச்சவ அப்படியே தூங்கிட்டேன். முழிச்சப்போ ஐயா என் தலையில கை வெச்சு ஆசீர்வதிச்சிட்டிருந்தார். வாயைத் திறக்காம வந்துட்டேன்.

பக்கத்து மிஷின்ல வேலை பாக்குற உமைமாகிட்ட சொன்னேன். "இன்னா இப்போ? தொழுகையில எனக்கும் தூக்கம் வந்திருக்கு"ன்னு சிரிச்சா.

வர்ற ஞாயிறு அந்த ஜெபத்தைப் பத்தி சபை முன்னாடி சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க. உள்ளதைச் சொல்லிடுவேன். ஆண்டவருக்கு அன்னைக்கே தெரியும். அடுத்து உங்களுக்குத் தெரியணும்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்புங்க. போர்த்திக்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணும். கம்பெனி பஸ் வந்துடுச்சு. குடும்ப ஜெபத்துல எனக்கும் சேர்த்து நீங்களே ஜெபம் பண்ணிடுங்கப்பா. எனக்குக் கண்ணை மூடினாலே தூக்கம் வந்துடுது.

உங்க மகள்
ஹெப்சிபா