பச்சை உடுத்திய சனிக்கிழமை

செப்டம்பர் 9, திங்கள்

கிருபாசங்கர் இன்று கேட்டேவிட்டார். எட்டு மாதமாக டெஸ்டிங் பிரிவிலிருந்து எங்கள் டிசைன் பிரிவுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை வருகிற மனிதர். பம்பு வரைபடத்தில் யாருக்கும் அவ்வளவு சந்தேகம் வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு காபிக் கடைக்கு வர முடியுமா என்றார். ஆபீஸ் விஷயமா என்று கேட்டேன். "இல்லீங்க. சும்மா பேசலாம்னுதானுங்க," என்றார். அவர் காது சிவந்துவிட்டது.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் வீட்டாரும் எங்கள் ஆட்கள்தான் என்பது ஏற்கெனவே தெரியும். ஜாதியைச் சொல்லி அப்பா குதிக்க மாட்டார். அதைப் பார்த்துத்தான் மனசு இளகியதா என்றால் — ஆமாம். வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும், எனக்கு நானே எழுதுவதுதானே.

செப்டம்பர் 11, புதன்

ஹாஸ்டல் கட்டில் முழுக்கத் துணி. மெரூன் சுடிதாரில் பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கிறேன். ஜீன்ஸ் போட்டால் என்ன நினைப்பாரோ. மஞ்சளில் கறுத்துத் தெரிவேன் என்று அம்மா பதினைந்து வருஷமாகச் சொல்கிறாள். சேலை கட்டினால் பெண் பார்க்க உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். மூன்று தடவை அப்படி உட்கார்ந்தாயிற்று, போதும்.

இருபத்தெட்டு வயசு. ஒரு சாயங்காலத்துக்கு ஒரு துணி எடுக்கத் துப்பில்லை. அவருக்கு என்ன, அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

செப்டம்பர் 12, வியாழன்

இன்றைக்கே தலைக்குக் குளித்துவிட்டேன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. பைத்தியம்.

செப்டம்பர் 13, வெள்ளி

ரூமில் கூட இருக்கிற ரித்திகா தன் பச்சை சுடிதாரைத் தூக்கிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தேன். கண்ணாடியை விட்டு நகர மனசு வரவில்லை. என்னிடம் பச்சையில் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. எங்கள் குலசாமி ஆத்தாளுக்குச் சாத்துகிற நிறம், எங்கள் கூட்டத்துப் பெண்கள் உடுத்தக் கூடாது.

அந்த நேரம் பார்த்து அம்மா வீடியோ காலில் வந்தாள். "அந்தப் பச்சையக் கழட்டிப் போடு கண்ணு. ஆத்தா கோவிச்சுக்குவா," என்றாள். ஆபீஸ் விழா, எல்லாரும் பச்சைதான் போடணும் என்று கூசாமல் பொய் சொன்னேன்.

ஆத்தாவிடம் பீரோ நிறையப் பச்சைப் பட்டு இருக்கிறது. ஒரு சாயங்காலம் எனக்கு விட்டுக்கொடுத்தால் குறைந்தா போய்விடுவாள்?

செப்டம்பர் 14, சனி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நீலக் கட்டம் இல்லை. புதுச் சட்டை, கடை மடிப்புகூடக் கலையவில்லை. இவரும் கண்ணாடி முன்னால் நின்றிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு மணி நேரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை. அடுத்த ஞாயிறு பைக்கில் மேட்டுப்பாளையம் வரை போய் வரலாமா என்று கேட்டார். சரி என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அப்புறம் சொன்னார்: "உங்களுக்குப் பச்சை ரொம்ப நல்லா இருக்குதுங்க. எங்கம்மா பச்சைப் பக்கமே போக மாட்டாங்க. எங்க கோயில்ல அது ஆத்தாளுக்கு மட்டுந்தான்."

எந்தக் கோயிலுங்க என்று கேட்டேன். சொன்னார்.

எங்கள் கோயில்.

ஒரே குலசாமி என்றால் ஒரே கூட்டம், ஒரே வம்சம். ஒரு கூட்டத்தில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. பத்துத் தலைமுறைக்கு முன்னால் பிரிந்திருந்தாலும் சரி, முகம் பார்த்தே இராவிட்டாலும் சரி. பாவி, ஜாதியைப் பார்த்து வைத்தேனே, கூட்டத்தைக் கேட்டேனா? தரகர் வாயைத் திறந்ததும் கேட்கிற முதல் கேள்வி அது. நாங்கள் படித்தவர்களாம். அதையெல்லாம் கேட்பது கேவலமாம்.

"இந்தக் காலத்துல யாருங்க இதெல்லாம் பாக்கறாங்க?" நான்தான் கேட்டேன். மானத்தை விட்டுக் கேட்டேன்.

கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க ஊட்டுல உசுரோட இருக்க மாட்டாங்கங்க," என்றார். மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, "இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சுங்க."

நல்லதாப் போச்சாமே. யாருக்கு?

பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்தார், இரண்டடி தள்ளி.

செப்டம்பர் 15, ஞாயிறு

மெரூனைப் போட்டுப் போயிருந்தால் இன்னும் ஒரு மாதமாவது தெரியாமல் இருந்திருக்கும். மேட்டுப்பாளையமாவது போயிருப்பேன்.

செப்டம்பர் 23, திங்கள்

இப்போதெல்லாம் சந்தேகங்கள் மெயிலில் வருகின்றன. போன வாரம் முழுக்க ஒன்றே ஒன்று. இவ்வளவுதான் சந்தேகமா இவருக்கு?

டிசம்பர் 1, ஞாயிறு. ஆனைமலை வீடு

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்தான், வேறொன்றுமில்லை.

காலையில் காரில் ஓர் அம்மா வந்து இறங்கினார். பெயர் அன்புச்செல்வி. கிருபாசங்கரின் அம்மா. தட்டில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. தை மாதம் மகனுக்குக் கல்யாணமாம். பெண் ஈரோடு, பெயர் பிரத்யுஷா. கூட்டம் முதலிலேயே விசாரித்திருப்பார்கள், சந்தேகமென்ன.

பத்திரிகை கொடுக்க மட்டும் வரவில்லை. இணைச்சீருக்கு என்னைக் கேட்க வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் மணவறையில் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய சீர். அவருக்குத் தங்கை கிடையாது. பங்காளி வீடுகளிலும் எல்லாம் ஆண் பிள்ளைகள்.

"ஆபீஸ்ல நம்ம கூட்டத்துப் பொண்ணு ஒண்ணு இருக்குதும்மான்னு பையன்தானுங்க சொன்னான்," என்றார்.

கிருபாசங்கர் எதற்குச் சொன்னார்? வாய் தவறியா? இல்லை, ஊரறிய என்னைத் தங்கையாக்கிவிட்டால் அந்தச் சனிக்கிழமை நடக்கவேயில்லை என்று ஆகிவிடும் என்றா? இரண்டாவதுதான். எழுதிவிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா தட்டை வாங்கிவிட்டாள். பூரிப்பு தாங்கவில்லை அவளுக்கு. முடியாது என்றால் ஏன் என்பாள். என்ன சொல்ல? ஒரு காபி குடித்தேன் என்றா?

கல்யாணமாகாதவள் செய்யக் கூடாது என்று யாராவது சொல்வார்கள் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

முடிந்தது.

விடிவதற்கு முன்பே அன்புச்செல்வியம்மா எனக்கு அலங்காரம் செய்ய உட்கார்ந்துவிட்டார். சேலை அவர் எடுத்தது, ஜாக்கெட் அவர் தைக்கக் கொடுத்தது, நகை அவருடையது. தோளைப் பிடித்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, "எனக்கொரு மக இருந்தா இப்படித்தான் இருப்பா," என்று கண் கலங்கினார். நல்ல மனுஷி. அதுதான் தாங்கவில்லை.

பிரத்யுஷாவுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு கிருபாசங்கர் கையில், மறு தலைப்பு என் கையில். சீர் நடத்திய அருமைக்காரர், தங்கச்சியை இன்னும் கிட்டத்தில் நிற்கச் சொன்னார். நின்றேன். முன்வரிசையில் ஒரு பெரியம்மா, மூக்கும் முழியும் ரெண்டு பேருக்கும் அச்சு அசல் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது. அவருக்கும் விழுந்திருக்கும். திரும்பவில்லை.

அப்புறம் அந்தச் சேலையை எடுத்துக்கொண்டு பெண்ணின் அறைக்குப் போனேன். பிரத்யுஷா மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை, பாவம், பயந்து போயிருந்தாள். பார்லர்காரி கட்டியது இடுப்பில் நிற்கவில்லை. நானே அவிழ்த்து, மறுபடி கொசுவம் பிடித்து, முட்டி போட்டு உட்கார்ந்து அடியை இழுத்துச் சரி செய்துவிட்டேன். எப்படி இருக்குதுங்க, அவருக்குப் பிடிக்குங்களா என்று கேட்டாள். பிடிக்கும் என்றேன்.

பந்தியில் கிருபாசங்கர் மாலையோடு எதிரே வந்து நின்றார். கூட அவர் அம்மா, என் அம்மா, இன்னும் யார் யாரோ.

"நல்லாக் கேட்டு வாங்கிச் சாப்பிடு அம்மணி," என்றார், கூடப்பிறந்த தங்கையைக் கூப்பிடுகிற மாதிரி.

கோயமுத்தூரில் ஆட்டோக்காரரிலிருந்து மேனேஜர் வரை எல்லாரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறோம். இவரை மட்டும் நான் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரிங்ணா," என்றேன்.