மான் குறுக்கே வந்தால்

பென்சில்வேனியா,
டிசம்பர் 4

அன்புள்ள டோபினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் நாயும் நலமாகத்தான் இருக்கிறோம், அலாஸ்காக் கடலில் மீன் படகில் அலையும் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். இங்கே மான்கள் பெருகிவிட்டன என்று பெண்மான் சுட இந்த வருஷம் ஆளுக்கு நான்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள், ஒரு சீட்டுக்கு ஒரு மான், நானும் அப்பாவின் துப்பாக்கியோடு போனேன். கறி தேவாலயத்து உணவு வங்கிக்கு என்று எல்லோரிடமும் சொன்னேன், மனதில் இருந்தது வேறு. போன அக்டோபரில் நீ ஓட்டிய வண்டியின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வந்து, உன் பக்கத்தில் இருந்த அப்பாவின் கழுத்தைக் குளம்பால் கிழித்த அந்த ஒரு மானுக்காக எல்லா மானையும் கொல்ல வேண்டும் போலிருந்தது. முதல் இரண்டையும் விழுந்த பிறகும் சுட்டேன், முகமே இல்லாமல் போகும்வரை. கறி வெட்டும் ஆர்லோ தோலை உரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா லோர்னா, இது கறியா, ஈயச் சல்லடையா? பசிச்ச புள்ளைங்களுக்கு இதையா போடச் சொல்ற? யாரு மேல உனக்குக் கோவம்?" என்று கேட்டுவிட்டு இரண்டையும் குழியில் தள்ளினார். அந்த வாரம் உணவு வங்கியில் நாற்பது குடும்பத்துக்கும் பீன்ஸ் டப்பாதான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவதுக்கு ஒரே குண்டு என்று சத்தியம் பண்ணிக்கொண்டு போனேன். அரை மணி நேரம் விசையில் விரலை வைத்தபடி அந்த மானையே பார்த்துக்கொண்டிருந்தேன், சுடும்போது அது துள்ளிவிட்டது, குண்டு வயிற்றில் பாய்ந்தது. குடல் தரையில் இழுபட ஓடியது. ரத்தத்தைப் பார்த்துப் பின்னாலேயே போய், ஓடைக்கரையில் முட்டியால் அழுத்திக் கத்தியால் கழுத்தை அறுத்தேன். அது உதைத்ததில் எனக்கு ஒரு விலா எலும்பு விரிசல், ஆறிவிடும், கவலைப்படாதே. ஆர்லோ பின்னந்தொடைகளை மட்டும் கழுவி எடுத்தார், ஆறு குடும்பத்துக்கு ஆயிற்று.

அந்தச் சூடு ஆறாத உடம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. மான் எங்கே நிற்கிறது என்று தெரிந்து காத்திருந்த எனக்கே நேரம் போதவில்லை, உனக்குக் கண்ணை மூடித் திறக்கும் நேரம்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும், "ஏண்டா வண்டியத் திருப்பல, உங்கப்பனக் கொன்னுட்டியே" என்று கத்தினேன். துக்கத்தில் சொன்னது என்று சாக்குச் சொல்லமாட்டேன். அது பொய், டோபின். திருப்பியிருந்தால் மரத்தில் மோதி நீயும் போயிருப்பாய்.

நான்காவது சீட்டை அடுப்பில் போட்டுவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வா. விமான நிலையத்துக்கு நானே வண்டி எடுத்து வருகிறேன், நீ அப்பா இடத்தில் உட்கார். மான் குறுக்கே வந்தால் அப்பா உனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி, நீ அன்று செய்த மாதிரி, வண்டியை நேராகவே பிடித்துக்கொள்வேன், திருப்பமாட்டேன்.

கர்த்தர் உன் கை கால்களை உறையாமல் காக்கட்டும். கம்பளிக் கையுறை அனுப்பியிருக்கிறேன், ஈரமாக இருக்கும்போது போட்டுக்கொள்ளாதே.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா