பெட்டி அழித்த குரல்

பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து புனேயே மூக்கைக் கட்டிக்கொண்டு திரியும் வருஷம். ஆவணி, ஞாயிறு.

என் சிநேகிதன் நடேசனின் பெண்சாதி செல்லம்மா இன்று வந்தாள். போன வருஷம் ஆடியில் எங்கள் கட்கி மாரியம்மன் கோயில் தீமிதியைத் தமிழ்ச் சேனலில் காட்டினார்கள். அதில் நடேசன் பேசியதை, மகன் வாங்கி வந்த ரிகார்டர் பெட்டியில் பிடித்து வைத்திருந்தோம். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம். நல்ல வசதிதான். நடேசனுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அதைப் பார்க்க வந்திருக்கிறாள்.

பெட்டியில் இல்லை.

"டப்பாவுல ஜாகா ரொம்பிடுச்சு மாமா. பழசு தானா அழிஞ்சிடும்," என்றாள் மருமகள். அவளுடைய சீரியல் மட்டும் வரிசையாக இருக்கிறது. ஒருத்தி இன்னொருத்திக்கு விஷம் வைப்பதைப் பத்திரப்படுத்திவிட்டு மனுஷனை அழித்திருக்கிறது. த்தூ!

அவன் பேசியதை ஒரு சொல் விடாமல் நானே சொன்னேன்.

"சொன்னது எனக்கும் தெரியும்ணே. குரலைக் கேக்கலாம்னுதான் வந்தேன்," என்றாள். காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

அச்சாக அதே குரல் அவன் தம்பிக்கு உண்டு. கசார்வாடியில் இருக்கிறான். கூடப் பிறந்தவர்களில் இனி உயிரோடு மிச்சம் அந்தத் தங்கவேல் ஒருவன்தான். அவனை ஒரு நாள் செல்லம்மா வீட்டுக்கு அழைத்துப்போய்ப் பேச வைக்க வேண்டும்.