பூப்போட்ட சாட்சி

என் வீட்டு மகாராணிக்கு உன் தள்ளுவண்டிக்காரன் எழுதுவது. நான் நலம், தொப்பையும் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

எங்கள் அரசாங்க வக்கீல் ஆபீசில் வாதாடுவது வக்கீல்தான். ஆனால் எந்தக் காகிதம் எப்போது அவர் கைக்கு வரவேண்டும் என்பது சீனியர் பாராலீகல் மேடம் பொறுப்பு. அவர் அடுக்கித் தரும் கட்டுகளை வண்டியில் வைத்துக் கோர்ட்டுக்குத் தள்ளிப்போவது நான். நேற்று, பிள்ளைகளின் விளையாட்டு மைதானத்தை ஒரு கம்பெனி வளைத்துப்போட்ட வழக்கின் கடைசி விசாரணை. கோர்ட்டு வாசலில் சாட்சிக் கட்டின் நாடா அறுந்துவிட்டது. காகிதம் கலைந்தால் வழக்கும் கலைந்தது.

மேடம் என் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்தார்.

"அதுல சுத்தியிருக்கிற துணியைக் குடுங்கண்ணே."

"அது என் வீட்டுக்காரி புடவைக் கிழிசல் மேடம்."

"அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன், குடுங்க."

ஜட்ஜய்யா உன் துணியால் கட்டிய கட்டைத் தூக்கிப் பார்த்து, "என்னம்மா, பூப்போட்டிருக்கு?" என்றார்.

"ஒரு பக்கம்கூட மாறலைங்கய்யா," என்றார் மேடம். கோர்ட்டே சிரித்தது.

மைதானம் பிள்ளைகளுக்கே என்று தீர்ப்பு. உன் துணி மட்டும் சாட்சியோடு கோர்ட்டு அலமாரிக்குள் போய்விட்டது. அப்பீல் முடியாமல் வெளியே வராதாம். மேடம் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார்.

வண்டி தள்ள நேரமாகிவிட்டது. அந்தப் புடவையில் இன்னொரு துண்டு கிழித்து அனுப்பு. தூக்கு மூடி கழன்றுகொள்கிறது, அதற்குத்தான். துவைக்காமல் அனுப்பு.