அப்பாவுக்கு எடுத்த கறுப்பு சூட்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? மிசிசிப்பியில் மழையாமே. இங்கே டகோட்டாவில் பனி. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

அப்பாவின் அடக்கத்துக்கு நான் வராதது உனக்கு ஆறாது என்று தெரியும். செய்தி வந்த அன்றே சம்பளக் கடன் கடைக்கு ஓடினேன். அடுத்த சம்பளத் தேதி போட்டுக் காசோலை எழுதிக் கொடுத்தால் உடனே பணம் தருவார்கள். கவுண்டரில் இருந்த வெர்லீன், "எண்ணூறு டாலர் வரைக்கும் தர்றேன் அண்ணே, எதுக்கு முந்நூறோட நிக்கிறீங்க?" என்றாள்.

"என் சம்பளம் அவ்வளவுதான் தாங்கும்மா. போன தடவை வட்டிய மட்டும் கட்டிக் கட்டித் தள்ளிப்போட்டு, கடைசில வண்டியே போச்சு."

முந்நூறு டாலருக்குப் பஸ் டிக்கெட், அப்பாவுக்கு சூட், இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். அந்தப் பழைய சட்டையோடு அவரைச் சபையார் முன்னால் கிடத்த மனம் வரவில்லை. சூட்டை வாங்கி அனுப்பினேன்.

சம்பளத்தன்று முழுதும் அடைத்தேன். "ஒரே தடவைல அடைச்ச மகராசன் நீங்கதான்!" என்று வெர்லீன் கைதட்டினாள். நானும் சிரித்தேன்.

அப்பாவின் கம்பளித் தொப்பி யாருக்கும் வேண்டாமென்றால் எனக்கு அனுப்பு. வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்துவிட்டது.

அம்மா, எங்கள் இருவருக்கும் எப்போதும் ஒரே அளவு என்றுதான் சூட்டை என் அளவில் எடுத்தேன். அக்கா அனுப்பிய அடக்கப் படத்தில் சூட்டின் கைக்கு வெளியே அவர் விரல்நுனிகூடத் தெரியவில்லை. அவர் இவ்வளவு மெலிந்துவிட்டதை ஏன் யாருமே எனக்குச் சொல்லவில்லை?

உன் மகன்,
ஓடெல்