ஏழு பொத்தான் மீன்களும் பதிவாகாத என் குற்றமும்

அனுப்புநர்:
கொசுவலைத் தையல்காரி,
பேருந்து நிலையத்தின் பின்தெரு,
மாவு மில்லுக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை,
மாவட்ட அலுவலகம், இரண்டாவது மாடி.

பொருள்: தடைசெய்யப்பட்ட வலையால் ஆற்றில் மீன் பிடித்த என்மீது வழக்குப் பதிவு செய்யாமல், மீன்வள ஆய்வாளர் என்னை மன்னித்து அனுப்பப் பார்ப்பது – உடனடி நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மூன்றாம் தேதியிட்ட பறிமுதல் பட்டியல் (எந்த நேரமும் கிழிபடும் நிலையில் உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கொசுவலை தைத்து விற்று வருகிறேன். தங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் என் வலைக்குள்தான் தூங்குகிறார்கள். இதுவரை நான் யார்மீதும் புகார் கொடுத்ததில்லை. என்மீதும் யாரும் கொடுத்ததில்லை. இரண்டாவதுதான் இப்போது என் குறை.

2. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், "என்னம்மா வலை இது, ரெண்டே மாசத்துல கிழிஞ்சு போச்சு" என்று கடை வாசலில் சண்டைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் ஒரே சேற்று வாடை. கட்டிலில் கட்ட வேண்டியதை மனிதர் ஆற்றில் கட்டியிருக்கிறார். மடிப்பில் ஒரு மீன் காய்ந்து ஒட்டியிருந்தது. சுண்டுவிரல் நீளம், வாலருகே கறுப்பாக ஒரு வட்டம், கைக்குழந்தைச் சட்டைக்கு வைக்கும் பொத்தான் மாதிரி. எந்த ஆறு என்று கேட்டதற்கு, "ஏதோ ஒரு ஆறு" என்று சொல்லிவிட்டுப் புது வலையோடு போய்விட்டார். மகளிர் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியையிடம் அந்த மீனைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "இதை நான் எங்க லேப் பாட்டில்ல மட்டும்தான் பாத்திருக்கேன். அந்தப் பாட்டிலுக்கு என்னைவிட வயசு அதிகம்" என்றார். நம் ஆறுகளுக்கே உரிய மீனாம். முப்பது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லையாம்.

3. அன்று பிடித்தது எனக்குப் பைத்தியம். ஞாயிறுதோறும் கடையை அடைத்துவிட்டு நானும் என் நாத்தனாரும் ஆறு, ஓடை, வாய்க்கால் என்று பதினோரு நீர்நிலைகளில் இறங்கித் தேடினோம். வலையின் ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். கல்யாணமான நாள் முதல் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான் என்று என் கணவர் சொல்வார். அவர் கரையில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பார். கிடைத்தவை: குக்கர் மூடி ஒன்று, சைக்கிள் டயர் இரண்டு, எண்ணி மாளாத ஜிலேபிக் கெண்டை, ஒருமுறை நாத்தனாரின் செருப்பு. காவலின் லட்சணம் அப்படி.

4. இம்மாதம் மூன்றாம் தேதி, ஞாயிறு காலை, பழைய பாலத்துக்குக் கீழே மரவேர்கள் தொங்கும் மடுவில் வலையைத் தூக்கினோம். ஏழு பொத்தான் மீன்! உயிரோடு! பேராசிரியையிடம் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடலாம் என்று வாளியில் போட்டோம். நாத்தனார் போட்ட கூச்சலில் பாலத்தின் மேல் போன வண்டிகள் நின்றன. நின்றவற்றில் ஒன்று தங்கள் ஆய்வாளரின் ஜீப். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டதே என்று நான் அழுதேவிட்டேன். அவர் "கொசுவலை 1, வாளி 1, சிறுமீன் 7" என்று பட்டியல் எழுதி, கறுப்புப் பொட்டு வரை குறித்து, எங்களிடம் கையொப்பம் வாங்கி, வாளியோடு போனார். அதில் எனக்குக் குறையில்லை. பொடிக்கண் வலையை ஆற்றில் இறக்கக் கூடாது என்பது சட்டம்.

5. மறுநாள் தங்கள் அலுவலகச் சுவரில் ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். கணக்கெடுப்பின்படி அந்த மடுவில் "நாட்டு மீன் இனங்கள்: இல்லை" என்றும், ஆகவே பன்னிரண்டாம் தேதி காலை அங்கே ஐம்பதாயிரம் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் விடப்படும் என்றும் இருந்தது. ஜிலேபிக் கெண்டைமீது எனக்கு விரோதம் இல்லை, அது சட்டியில் இருக்கும்வரை. மடுவில் விட்டால் அது பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது. கணக்கெடுத்த வலையைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அதன் கண் இரண்டு விரல் அகலம். என் மீனோ ஒரு விரல் பருமன்கூட இல்லை. தங்கள் வலையில் அது சிக்காது. சிக்குகிற வலையை இறக்கினால் குற்றம். ஆக, இந்த மீன் சட்டப்படி இருக்கவே வழியில்லை. யாரையும் குறை சொல்லவில்லை ஐயா. வலை தைப்பவள் என்பதால் ஓட்டைதான் முதலில் தெரிகிறது.

6. பேராசிரியையிடம் ஓடினேன். "போட்டோவை எந்தத் தண்ணியில வேணாலும் எடுக்கலாம்னு சொல்லிடுவாங்க. துறையே கையெழுத்துப் போட்ட காகிதம் ஒண்ணு இருந்தா நிறுத்திடலாம்" என்றார். அப்படி ஒரு காகிதம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. அதுதான் என் பறிமுதல் பட்டியல். இடம், நாள், எண்ணிக்கை, முத்திரை எல்லாம் அதில் உண்டு. நகல் கேட்டேன், வழக்கு எண் போட்டால்தான் தருவார்களாம்.

7. ஆகவே ஆய்வாளரிடம் போய், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், வழக்குப் போடுங்கள் என்றேன். அவர் பதறிவிட்டார். "விடுங்கம்மா. எங்க வீட்டுக்கே நீங்கதான வலை தைச்சுக் குடுத்தீங்க? உங்க மேல கேஸ் போட்டா எனக்கு வீட்டுல சோறு கிடைக்குமா? பட்டியலைக் கிழிச்சுப் போட்டுடறேன், வாளியை எடுத்துட்டுப் போங்க" என்றார். தங்கமான மனிதர், அந்தத் தங்கமான மனசுதான் இங்கே வில்லன். காகிதத்தில் ஏழு ஏறிவிட்டால், கணக்கெடுப்பில் அவர் கைப்பட எழுதிய "இல்லை" என்னாகும் என்று கேட்டேன். டீ சாப்பிடறீங்களா என்றார். கழுவுற மீனில் நழுவுற மீன் என்பார்களே, அந்த இனத்தை நான் ஆற்றில் கண்டதில்லை, தங்கள் அலுவலகத்தில் கண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம்; தபால் எழுத்தரின் மேசைக்கடியில் வாளிக்குள் துள்ளிக்கொண்டிருக்கும் ஏழு உயிரை எப்படி மறைப்பது? அலுவலக உதவியாளர் தினமும் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து மாற்றுகிறார். அவருக்கு என் நன்றி. குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

8. இந்தப் பத்தியை எழுதத்தான் கை வரவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் காலையில் நானும் நாத்தனாரும் வலையில்லாமல் போய், மடுக்கரையில் குப்புறப் படுத்துப் பார்த்தோம். ஒரு பொத்தான்கூடத் தென்படவில்லை. அந்த ஏழுதான் கடைசி ஏழோ என்னவோ தெரியவில்லை. நான்கு வருஷம் தேடிய பாவிதான் அள்ளிக்கொண்டு போன பாவியும் ஆகிவிட்டாளோ? வாளியை வாங்கிக்கொண்டு போய் மடுவில் விட்டால், பன்னிரண்டாம் தேதி ஐம்பதாயிரம் வாய் வந்து இறங்கும். வீட்டில் வைத்து வளர்க்க எனக்கு ஆறு கிடையாது.

9. எனவே பறிமுதல் பட்டியலுக்கு வழக்கு எண் இட்டு, கணக்கெடுப்பில் "இல்லை" என்பதை "ஏழு" என்று திருத்தி, பன்னிரண்டாம் தேதி நிகழ்ச்சியை நிறுத்தி, அந்த மீன்களைத் துறையின் கையாலேயே மடுவில் திரும்ப விட ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். என் நாத்தனாரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். அவரை விட்டுவிட்டு என்மீது மட்டும் போட்டால், "எல்லாத்துலயும் உனக்குத்தான் பேரு" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

அபராதமோ, காவலோ, கடைக்குப் பூட்டோ, தண்டனை எதுவானாலும் ஏற்கிறேன். தாங்கள் இரக்க குணம் உள்ளவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பன்னிரண்டாம் தேதி விடிவதற்குள் என்னைக் குற்றவாளி ஆக்குங்கள் ஐயா. தயவுசெய்து மன்னித்துவிடாதீர்கள்.

இடம்: கடை, தையல் இயந்திரத்தின் மேல் வைத்து எழுதியது
நாள்: எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(ஒப்பம்) கொசுவலைத் தையல்காரி, குற்றம் செய்தவர்
(ஒப்பம்) அவருடைய நாத்தனார், வலையின் மறுமுனை